ஹட்சன் கோப்பை: அமெச்சூர்களும் ப்ரோக்களும் மோதினால் நீங்கள் யார் பக்கம்?

மழைக்காட்டான் (பீவர்ட்டன், ஓரிகன்)

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கோல்ஃப் மன்றத்துல ரைடர் கோப்பையைப் பற்றி (அமெரிக்க ப்ரோக்களும் ஐரோப்பிய ப்ரோக்களும் அணியா மோதறது, முன்னாடி பிரிட்டன்தான் எதிரணி) பேசியே பத்து இழை ஓடியிருக்கு. அதோட சின்னத் தம்பி மாதிரி எங்க ஊர்ப் பக்கம் ஒரு போட்டி நடக்குது, அதைப் பற்றி யாரும் எழுதினதில்ல. அதனால நானே தொடங்கறேன்.

பேரு ஹட்சன் கோப்பை. அமெரிக்காவோட வடமேற்கு மூலை, அதாவது ஓரிகன், வாஷிங்டன் முதலான மாநிலங்கள். 1899-ல தொடங்கின பசிபிக் நார்த்வெஸ்ட் கோல்ஃப் சங்கத்து அமெச்சூர்கள் ஒரு அணி. அதே வட்டாரத்து பி.ஜி.ஏ. (ப்ரோக்களோட சங்கம்) பிரிவிலிருந்து வர்ற ப்ரோக்கள் இன்னொரு அணி. ரைடர் கோப்பை மாதிரியே அணிக்கு அணி, ஆளுக்கு ஆள் மேட்ச் ப்ளே. நாடும் நாடும் மோதல. ஒரே ஊர்க்காரங்க, சம்பளத்துக்கு ஆடறவங்களும் ஆசைக்கு ஆடறவங்களுமாப் பிரிஞ்சு நிக்கறாங்க.

கோப்பைக்குப் பேர் கொடுத்த ராபர்ட் ஹட்சனைப் பற்றிச் சொல்லாம மேல போக மனசு வரல. போர்ட்லாண்டில் பழமும் காய்கறியும் டப்பாவில் அடைச்சு வித்த வியாபாரி. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச நேரம், பிரிட்டிஷ் ப்ரோக்கள் சங்கத்துகிட்ட காசில்ல. 1937-க்கு அப்புறம் பத்து வருஷமா ரைடர் கோப்பையே நடக்கல. இனிமே நடக்குமாங்கறதே சந்தேகமா இருந்தப்ப, இந்த மனுஷன் மொத்தச் செலவையும் தன் தலைமேல போட்டுக்கிட்டார். குவீன் மேரி கப்பல்ல பிரிட்டிஷ் அணியை வரவழைச்சு, நியூயார்க்ல தானே போய் வரவேற்று, வால்டார்ஃப் அஸ்டோரியாவுல விருந்து வெச்சு, அங்கிருந்து மூணு நாளுக்கு மேல ரயில்ல கூடவே உட்கார்ந்து போர்ட்லாண்டுக்குக் கூட்டிட்டு வந்தார். 1947 நவம்பர் 1, 2 தேதிகள். இடம் போர்ட்லாண்ட் கோல்ஃப் கிளப். நான் தினமும் வேலைக்குப் போற வழிக்குப் பக்கத்துலதான் இருக்கு.

கொட்டுற மழை. அமெரிக்கா 11–1-னு நசுக்கிடுச்சு. ஃபோர்சம்ஸ் ஆட்டத்துல பிரிட்டிஷ் கேப்டன் ஹென்றி காட்டனும் ஆர்தர் லீஸும் 10 & 9-னு தோத்தாங்க. கடைசி தனியாட்டத்துல சாம் கிங், ஹெர்மன் கைசரை 4 & 3-ல வென்றதாலதான் சுழி ஆகாம தப்பிச்சாங்க. ஆனா அந்தப் போட்டி நடந்ததாலதான் இன்னிக்கு ரைடர் கோப்பைன்னு ஒண்ணு இருக்கு. இவ்வளவு செஞ்ச ஆளோட பேரை உலகம் மறந்துடுச்சு. எங்க வட்டாரத்துக் கோப்பை மட்டும் இன்னும் சுமந்துட்டு இருக்கு.

என் பையனுக்குச் சொல்லித்தர்ற எங்க கிளப் ப்ரோ ஒரு தடவை இந்த அணிக்குத் தேர்வானார். அன்னிக்குப் போய் முழு ஆட்டமும் கூடவே நடந்தேன். டிவியில பார்க்கற எந்தப் போட்டியிலயும் எனக்கு அப்படி நெஞ்சு அடிச்சதில்ல. நான் ப்ரோக்கள் பக்கம். நீங்க?

ஸ்கோர்கார்டு (பெங்களூரு)

வரலாறு அருமை. ஆனா போட்டி மேல எனக்கு நம்பிக்கை இல்ல. சோத்துக்கு ஆடறவனும் பொழுதுபோக்குக்கு ஆடறவனும் மோதினா முடிவு முன்னாடியே தெரிஞ்சதுதானே? கிரிக்கெட்ல ரஞ்சி அணியை எங்க தெரு அணியோட ஆடவிடற மாதிரி. ஹேண்டிகேப், அதாவது பலம் குறைஞ்சவனுக்குச் சில அடி சலுகை, கொடுத்து ஆடினா சமமாகும். இல்லாட்டி இது கண்காட்சி ஆட்டம்தான்.

புதுக்குச்சி (சென்னை)

அண்ணா, நான் கோல்ஃப் தொட்டே ஆறு மாசம்தான் ஆகுது. 10 & 9-னா என்ன, 4 & 3-னா என்ன? பத்து ஸ்ட்ரோக் வித்தியாசமா? ஃபோர்சம்ஸ்னா நாலு பேர் சேர்ந்து ஆடறதா?

மழைக்காட்டான்

தம்பி புதுக்குச்சி, நல்ல கேள்வி. முதல்ல உனக்குச் சொல்லிட்டு அப்புறம் ஸ்கோர்கார்டுக்கு வர்றேன், ஏன்னா உனக்குச் சொல்ற பதில்லதான் அவருக்கான பதிலும் இருக்கு.

நாம வழக்கமா ஆடறது ஸ்ட்ரோக் ப்ளே. 18 குழிக்கும் எத்தனை அடின்னு கூட்டிப் பார்ப்போம். மேட்ச் ப்ளேயில ஒவ்வொரு குழியும் தனிக் கணக்கு. இந்தக் குழியில நான் 4 அடி, நீ 5 அடி. எனக்கு ஒரு குழி. நீ பந்தைத் தண்ணியில போட்டு 9 அடிச்சாலும் அதே ஒரு குழிதான். அடுத்த டீயில (குழிக்கு முதல் அடி அடிக்கற இடம்) ரெண்டு பேரும் திரும்பப் புதுசா நிப்போம். மிச்சமிருக்கற குழிகளை விட முன்னிலை அதிகமாயிட்டா ஆட்டம் அங்கேயே முடிஞ்சிடும். 4 & 3-னா மூணு குழி பாக்கி இருக்கும்போது நாலு குழி முன்னால. அந்தக் காலத்து ரைடர் கோப்பை ஆட்டங்கள் 36 குழி. 1961-லதான் 18 ஆக்கினாங்க. அதனாலதான் 10 & 9 மாதிரி பெரிய எண் வருது. ஃபோர்சம்ஸ்னா ரெண்டு ரெண்டு பேரா ஜோடி, ஜோடிக்கு ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கணும். நீ பங்கர்ல (மணல் பள்ளத்துல) போட்டா உன் கூட்டாளிதான் இறங்கி எடுக்கணும். ஃபோர்பால்னா நாலு பேருக்கும் தனித்தனிப் பந்து, ஜோடியில யார் ஸ்கோர் குறைவோ அது கணக்கு.

இப்ப ஸ்கோர்கார்டு. இங்க ஒரு ஆட்டம்னா 18 குழி, மேட்ச் ப்ளே. நாலு நாள் 72 குழி ஆடும்போது நல்ல ஆட்டக்காரன் எப்படியும் மேல வந்துடுவான். 18 குழியில அப்படிக் கிடையாது. ஒருத்தனுக்கு அன்னிக்குப் பட்டர் (பந்தைக் குழிக்குள்ள உருட்டற குச்சி) கைகூடிடுச்சுன்னா போதும்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த 'ப்ரோ' யாருங்கறது. டிவியில வர்றவங்க இல்ல. 1968-ல சுற்றுப்பயண ஆட்டக்காரங்க தாய்ச்சங்கமான பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்காவிலிருந்து பிரிஞ்சு போயிட்டாங்க. இப்ப நாம பி.ஜி.ஏ. டூர்னு பார்க்கறது அவங்களை. தாய்ச்சங்கத்துல மிச்சம் இருக்கறவங்க கிளப் ப்ரோக்கள். காலையில இருட்டோட கடையைத் திறப்பாங்க, யார் எப்ப ஆட்டம் தொடங்கறதுன்னு டீ டைம் எழுதுவாங்க, வண்டியெல்லாம் சார்ஜ் ஆயிருக்கான்னு பார்ப்பாங்க, குச்சியோட கிரிப் மாத்திக் கொடுப்பாங்க, சாயங்காலம் வரை பாடம் எடுப்பாங்க. எங்க ப்ரோ ஒரு வாரத்துல முழுசா ஒரு ரவுண்ட் ஆடினாலே பெரிய விஷயம். அவரை எதிர்த்து நிக்கற அமெச்சூருக்கு அவரைவிட அதிகமா ஆடக் கிடைக்குது. அதனால தெரு அணிங்கற ஒப்பீடு இங்க ஒட்டாது.

கேளனிக்கரை (கொழும்பு)

அண்ணை சொல்லுறது சரி. நான் ரோயல் கொழும்பு கிளப்புக்குக் கிட்டத்தான் இருக்கிறன். மைதானத்துக்குள்ளாலயே ரயில் ஓடுற இடம், தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். இஞ்சையும் ப்ரோ எண்டால் பெரும்பாலும் பாடம் சொல்லிக்குடுக்கிற மனிசன்தான். விடிய அஞ்சு மணிக்கு வந்து நிண்டு, ஆக்களுக்குச் சொல்லிக்குடுத்து, தனக்குப் பயிற்சி எடுக்கப் பொழுதுபடும். எங்கட என். தங்கராஜா இந்திய பி.ஜி.டி.ஐ. சுற்றில வெண்டவர். அப்பிடி வெளிக்கிட்டு மேல போனது ஒரு சிலர். மிச்சப் பேருக்குப் பெயரளவில 'தொழில்', கையில காசில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். அமெச்சூர் எண்டால் இப்ப சரியா என்ன? பணம் வாங்கக்கூடாது எண்ட விதி இன்னும் இருக்கோ?

ஸ்கோர்கார்டு

கேளனிக்கரை, 2022 ஜனவரியிலிருந்து விதி தளர்ந்திருக்கு. பரிசு 1,000 டாலர் வரைக்கும் வாங்கலாம். விளம்பரம், ஸ்பான்சர் எல்லாம் இப்ப அனுமதி. முன்னாடி அதெல்லாம் நினைச்சே பார்க்க முடியாது.

மழைக்காட்டான், கிளப் ப்ரோ விளக்கத்தை ஏத்துக்கறேன். ஆனா உச்சத்துல இருக்கறவங்களை எடுத்துக்குங்க. 1926-ல ஃப்ளோரிடாவுல வால்டர் ஹேகனும் பாபி ஜோன்ஸும் 72 குழி மேட்ச் ஆடினாங்க. ஹேகன் ப்ரோ, ஜோன்ஸ் அமெச்சூர். ஜோன்ஸ் சாதாரண ஆளில்ல. அதே வருஷம் பிரிட்டிஷ் ஓபன், அமெரிக்க ஓபன் ரெண்டையும் வென்றவர். அப்படிப்பட்டவரையே ஹேகன் 12 & 11-னு சுருட்டிட்டார். மேட்ச் ப்ளேயில பழகின ப்ரோகிட்ட அமெச்சூருக்கு வேலை இல்லங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா?

அம்புஜம் (சியாட்டில்)

ஸ்கோர்கார்டு தம்பி, ஒரு மேட்ச்சை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. ஹேகன் 1924-லிருந்து 1927 வரை நாலு வருஷம் தொடர்ந்து பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் வென்றவர். அப்ப அது மேட்ச் ப்ளே. அந்த நாளில் அவரிடம் யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள். அதுவும் 72 குழி. மழைக்காட்டான் சொல்வது 18 குழி.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். சியாட்டிலுக்கு எதிர்க்கரையில் கிர்க்லாண்ட். அந்த ஊர்ப் பெண் ஜோஆன் கண்டர்சன், கல்யாணத்துக்குப் பிறகு கார்னர். அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். 1969-ல் மயாமியில் நடந்த எல்.பி.ஜி.ஏ. (பெண் ப்ரோக்கள் சங்கம்) போட்டியில் அமெச்சூராகவே இறங்கி, எல்லா ப்ரோக்களையும் முந்திக் கோப்பையைத் தூக்கினார். அடுத்து ஒரு அமெச்சூர் எல்.பி.ஜி.ஏ. போட்டியை வெல்ல 2012-ல் லிடியா கோ வரவேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று வருஷம்! அந்த 1969 வெற்றிக்குப் பிறகுதான் கார்னர் ப்ரோவானார், முப்பது வயதில். பிறகு 1971, 1976 இரண்டு முறை அமெரிக்கப் பெண்கள் ஓபன். ப்ரோ ஆனதால் அவருக்கு ஆட்டம் வரவில்லை. ஆட்டம் ஏற்கெனவே இருந்தது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இந்த மாதிரி வட்டார மோதல்களைப் பற்றி ஆண்கள் எழுதும்போது ஆண்களின் கதை மட்டுமே வருகிறது. என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு பெண் ப்ரோ. காலையில் குழந்தைகள் முகாம், மதியம் கடை, இரவில் அவருடைய சொந்தக் குழந்தைகள். இத்தனைக்கும் நடுவில் அவர் டிரைவர் குச்சியைச் சுழற்றும்போது அந்தச் சத்தத்துக்குப் பயிற்சி மைதானமே திரும்பிப் பார்க்கும். பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பைக்குப் பேர் கொடுத்த கார்ஸ்டன் சோல்ஹைமும் சியாட்டிலில் வளர்ந்தவர்தான், நார்வேயில் பிறந்து இங்கே வந்த குடும்பம். இந்த மண்ணுக்கு அணிப் போட்டியென்றால் ஒரு தனிப் பாசம் இருக்கிறது.

1945-ஐயும் குறித்து வையுங்கள். போர்ட்லாண்டில் நடந்த போட்டியில் அந்தக் காலத்துப் பெரிய ப்ரோ பென் ஹோகன் 72 குழிக்கு 261 ஸ்ட்ரோக், பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த ஸ்ட்ரோக் கணக்கு) 27 கீழே. இரண்டாவதாக வந்த பைரன் நெல்சனை 14 ஸ்ட்ரோக் பின்னால் விட்டார். அதைத் தாண்டிவிட்டுத்தான் ஓய்வேன் என்பதுபோல, சில வாரங்களில் இங்கே பிராட்மூர் மைதானத்தில் நெல்சன் 259 அடித்தார். பிராட்மூர் பக்கம் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

மழைக்காட்டான்

அம்புஜம் அக்கா, குறை நியாயம். கார்னரை நான் முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும்.

நீங்க ஹோகன், நெல்சன் பேரை எடுத்துட்டீங்க, இனி என்னால சும்மா இருக்க முடியாது. அமெச்சூர்–ப்ரோ மோதல்னா என் மனசுல முதல்ல வர்றது 1956 ஜனவரி, கலிஃபோர்னியாவுல சைப்ரஸ் பாயிண்ட் மைதானம். ஒரு பக்கம் ஹோகன், நெல்சன். எதிர்ப்பக்கம் ரெண்டு அமெச்சூர்கள்: நடப்பு அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் ஹார்வி வார்டு, அப்புறம் இருபத்தி நாலு வயசு கென் வெஞ்சுரி. ரெண்டு பேருக்கும் பொழைப்பு சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு கார் விற்பனை நிலையத்துல. அதோட முதலாளி எடி லோவரி, தன் பசங்களை உலகத்துல யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னு ஜார்ஜ் கோல்மன்ங்கற எண்ணெய்ப் பணக்காரர்கிட்ட பந்தயம் கட்டினார். கோல்மன் இறக்கினது இந்த ரெண்டு பேரை.

எடி லோவரி யாருன்னு தெரியுதா? 1913-ல புரூக்லைன்ல நடந்த அமெரிக்க ஓபன்ல இருபது வயசு அமெச்சூர் ஃபிரான்சிஸ் விமெட், பெரிய ப்ரோக்களான ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் பிளே-ஆஃப்ல 72, 77, 78-னு ஜெயிச்சாரே, அவருக்குப் பை தூக்கின பத்து வயசுப் பையன். அந்தப் பையன்தான் வளர்ந்து பணக்காரனாகி, நாப்பத்தி மூணு வருஷம் கழிச்சும் அமெச்சூர்கள் மேலயே பணம் கட்டறான். அந்த நம்பிக்கை பத்து வயசுல உடம்புல ஏறினதுன்னு நான் நினைக்கறேன்.

ஃபோர்பால் ஆட்டம். நாலு பேரும் சேர்ந்து 27 பேர்டி (குழியோட பாரை விட ஒரு அடி குறைவு), ஒரு ஈகிள் (ரெண்டு அடி குறைவு). ஈகிள் ஹோகனோடது, 10-வது குழியில வெட்ஜ்ல நேரா உள்ள போட்டார். ஹோகன் 63, வெஞ்சுரி 65, மத்த ரெண்டு பேரும் 67. 18-வது குழியில ஒரு குழி பின்னால இருந்த வெஞ்சுரி பேர்டி போட்டுட்டார். ஹோகனும் பேர்டி போட்டே ஆகணும், போட்டார். ப்ரோக்கள் ஒரே ஒரு குழியில ஜெயிச்சாங்க. உலகத்துல யாரும் இணை இல்லைன்னு இருந்த ரெண்டு பேரோட, கார் விக்கற ரெண்டு பேர் கடைசிப் பட் வரைக்கும் போனாங்க.

மூணு மாசத்துல வெஞ்சுரி மாஸ்டர்ஸ்ல அமெச்சூராவே மூணு நாள் முன்னிலையில இருந்தார். கடைசி நாள் 80 அடிச்சு ஒரே ஸ்ட்ரோக்ல விட்டார். ஸ்கோர்கார்டு, 12 & 11 உங்க சாட்சி. இது என் சாட்சி.

மலையோரம் (குன்னூர்)

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இன்னிக்கு எழுதறேன்.

எங்க அப்பா நீலகிரியில ஒரு கிளப்புல முப்பது வருஷத்துக்கு மேல கேடி, அதாவது ஆடறவங்களுக்குப் பை தூக்கறவர். கிளப் பேர் வேண்டாம். நான் சின்ன வயசுல பந்து பொறுக்கினவன். எங்களுக்கு 'அமெச்சூர்'ங்கற வார்த்தைக்கு அர்த்தமே வேற. அமெச்சூர்னா மெம்பர். ப்ரோன்னா எங்க ஆளு, கேடியா இருந்து மேல வந்தவன். அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் அப்படித்தான் ப்ரோ ஆனார். மெம்பர்களுக்கு அவர்தான் ஸ்விங் சொல்லித்தருவார். ஆனா மழை வந்தா மெம்பர் வராந்தாவுல ஏறிடுவாங்க, அவர் எங்களோட ஷெட்டுக்கு ஓடி வருவார். சொல்லிக்கொடுக்கற வாத்தியார் நனையறாரேன்னு யாருக்கும் உறைக்கல. எனக்கு அப்ப எட்டு வயசு. இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதனால ஹேகன் பேர் வந்ததும் எனக்கு 12 & 11 ஞாபகம் வரல. 1920, இங்கிலாந்துல டீல் மைதானம். ப்ரோக்கள் கிளப் வீட்டுக்குள்ள வரக்கூடாது, ப்ரோ கடையிலதான் உடை மாத்தணும்னு சொல்லிட்டாங்க. ஹேகன் ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசல்லயே நிறுத்தி, அதுக்குள்ள உட்கார்ந்து உடை மாத்தினார். அதே வருஷம் அமெரிக்க ஓபன் டொலீடோவுல இன்வெர்னஸ் கிளப்ல நடந்தப்ப அவங்க கதவைத் திறந்து ப்ரோக்களை உள்ள கூப்பிட்டாங்க. ப்ரோக்கள் காசு சேர்த்து அந்தக் கிளப்புக்கு ஆளுயரக் கடிகாரம் ஒண்ணு வாங்கிக் கொடுத்தாங்க. இன்னும் அங்க இருக்கு. அந்த ஓபனை ஜெயிச்சது, மழைக்காட்டான் அண்ணன் சொன்ன அதே டெட் ரே.

நம்ம நாட்டுலயும் பாருங்க. இந்தியன் ஓபனை முதல்ல ஜெயிச்ச இந்தியர் பில்லூ சேத்தி, 1965, அவர் அமெச்சூர். அடுத்து ஒரு இந்தியர் ஜெயிக்க 1991 ஆச்சு. அலி ஷேர், டெல்லியில கேடியா இருந்தவர். 2009-ல ஜெயிச்ச முனியப்பா, பெங்களூருல கேடியா இருந்தவர். அந்த ரெண்டு பேரைப் பத்தி அப்பா பேச ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும்.

அதனால நான் எந்தப் பக்கம்னு கேட்டா, ப்ரோ பக்கம். ஆனா ஹட்சன் கோப்பையில எனக்குப் பிடிச்சது வேற. ரெண்டு அணியும் ஒரே டீயில நிக்கறாங்க. கை குலுக்கறாங்க. ஆடி முடிச்சு ஒரே மேசையில உட்கார்றாங்க. எங்க ஊர்ல மெம்பர் அணியும் கேடி, ப்ரோ அணியும் அப்படி ஒரு நாள் நேருக்கு நேர், ஹேண்டிகேப் இல்லாம, ஒரே கோப்பைக்கு ஆடினா அப்பா எவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பார்னு யோசிக்கறேன்.

ஸ்கோர்கார்டு

மலையோரம், உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். இந்தப் போட்டி வெறும் கண்காட்சின்னு சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கறேன்.

ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. இன்னிக்கு அமெரிக்கக் கல்லூரி அணியில ஆடற பசங்களுக்குப் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், பந்தோட வேகத்தையும் சுழற்சியையும் அளக்கற ரேடார் எல்லாம் இருக்கு. இப்ப விளம்பரக் காசும் வாங்கலாம். கடை நடத்தற நாப்பது வயசு ப்ரோவும் இருபது வயசு கல்லூரிப் பையனும் மோதினா, யார் உண்மையான தொழில்முறை ஆட்டக்காரன்? எனக்கென்னவோ பேர்ப்பலகையை மாத்தி மாட்டியிருக்காங்கன்னு தோணுது.

அம்புஜம்

அந்த வேறுபாட்டுக்காகத்தான் மிட்-அமெச்சூர் என்று ஒரு வகை வந்தது. 25 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுபவர்கள். அமெரிக்க மிட்-அமெச்சூர் சாம்பியன்ஷிப் 1981-ல் தொடங்கியது. வெல்பவருக்கு மாஸ்டர்ஸ் அழைப்பு வரும். என்னைக் கேட்டால், கிளப் ப்ரோவுக்குச் சரியான எதிராளி அந்த ஆள்தான். இரண்டு பேரும் விடியற்காலையில் எழுந்து, வீட்டில் கேட்டுக்கொண்டு, திருடிய நேரத்தில் பட்டிங் பழகுகிறவர்கள்.

மழைக்காட்டான்

ஸ்கோர்கார்டு, பேர்ப்பலகை மாறிப்போச்சுன்னு சொன்னீங்க. எனக்கு அது ஒரே ஆளோட வாழ்க்கையில வெவ்வேறு காலத்துல மாட்டற பலகையாத் தெரியுது. இதுக்கும் எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு.

போர்ட்லாண்டுக்கு மேற்கால பம்ப்கின் ரிட்ஜ் மைதானம். 1996 ஆகஸ்ட் 25, அமெரிக்க அமெச்சூர் இறுதி ஆட்டம், 36 குழி. டைகர் உட்ஸ் எதிர் ஸ்டீவ் ஸ்காட். காலை 18 முடிஞ்சப்ப டைகர் அஞ்சு குழி பின்னால. மதியம் துரத்தி வந்தும், மூணு குழி பாக்கி இருக்கும்போது இன்னும் ரெண்டு குழி பின்னால. 34-வது குழி கிரீன்ல (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்), ஸ்காட் பட் பண்ற கோட்டுல குறுக்கே இருக்குன்னு டைகர் தன் மார்க்கரை (பந்தை எடுத்துட்டு அந்த இடத்துல வைக்கற காசு) ஒரு பக்கம் தள்ளி வெச்சிருந்தார். ஸ்காட் பட் பண்ணி முடிச்சார். டைகர் பந்தை வெச்சுக் குறி பார்க்கறார், மார்க்கரைத் திரும்பப் பழைய இடத்துக்கு நகர்த்தல, மறந்துட்டார். அப்ப ஸ்காட்டே கேட்டார், மார்க்கரைத் திரும்ப நகர்த்தினியான்னு.

கேக்காம இருந்திருந்தா? தப்பான இடத்துலேர்ந்து பட் பண்ணினா மேட்ச் ப்ளேயில அந்தக் குழி போயிடும். ரெண்டு பின்னால இருந்தவர் மூணு பின்னால ஆவார், பாக்கி ரெண்டு குழி. ஆட்டம் அங்கேயே முடிஞ்சு ஸ்காட் சாம்பியன். ஸ்காட் கேட்டார். டைகர் சரியான இடத்துல வெச்சு பேர்டி போட்டார், அடுத்த குழியிலயும் நீளமான பேர்டி, சமமாச்சு. 38-வது குழியில டைகர் ஜெயிச்சார். தொடர்ந்து மூணாவது அமெரிக்க அமெச்சூர் பட்டம். அதே வாரம் ப்ரோ ஆயிட்டார்.

ஸ்டீவ் ஸ்காட் என்ன ஆனார் தெரியுமா? அவரும் ப்ரோதான் ஆனார், கிளப் ப்ரோ. நியூயார்க் பக்கம் உறுப்பினர்களுக்குச் சொல்லித்தந்து வாழ்ந்தார். நான் கிளப் ப்ரோன்னு சொல்லும்போது மனசுல வெச்சிருக்கறது அந்த மாதிரி ஆளை. 34-வது கிரீன்ல வாயைத் திறந்தவரை.

2023-ல ஓக் ஹில்ல மைக்கேல் பிளாக்கை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. கலிஃபோர்னியாவுல ஒரு பொது மைதானத்து ப்ரோ, பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்ல கடைசி நாள் ரோரி மெக்கில்ராயோட ஆடி, 15-வது குழியில ஹோல்-இன்-ஒன் (ஒரே அடியில குழிக்குள்ள) போட்டு, 15-வது இடத்தைப் பகிர்ந்துக்கிட்டார். அன்னிக்கு எங்க ப்ரோ கடையில டிவி முன்னால நின்னு அழுதார். கிரிப் மாத்த வந்த கிழவர் ஒருத்தர், வேலை அப்புறம் ஆகட்டும்னு சொல்லிட்டு அவரும் நின்னுட்டார்.

புதுக்குச்சி

அண்ணா, மார்க்கர் கதையைப் படிச்சிட்டு என் காசு மார்க்கரை எடுத்துப் பார்த்தேன். இது வரைக்கும் யாராவது நகர்த்தச் சொன்னா நகர்த்துவேன், திரும்ப வைக்கறதைப் பத்தி யோசிச்சதே இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் முதல் தடவையா ஃபோர்சம்ஸ் ஆடப்போறோம். டீயில யார் அடிக்கறதுன்னு எப்படிப் பிரிச்சுக்கறது?

கேளனிக்கரை

தம்பி, ஒராள் ஒற்றைப்படை எண் குழி (1, 3, 5), மற்றாள் இரட்டைப்படை எண் குழி (2, 4, 6). முந்தின குழியில ஆர் கடைசியாப் பட் பண்ணினது எண்டது கணக்கில்லை. தொடங்க முதல் பார் மூண்டு குழி, அதாவது மூண்டு அடியில முடிக்கவேண்டிய குழி எல்லாம் எண்ணிப் பாருங்கோ. ரெண்டு பேரில அயர்ன் நல்லா அடிக்கிற ஆளுக்கு அந்தக் குழிகள் கூட வாற மாதிரிப் பிரியுங்கோ. மற்றது, கூட்டாளியிட்ட மன்னிப்புக் கேக்கிறதில்லை எண்டு தொடங்க முதலே பேசி வையுங்கோ. பதினெட்டுக் குழியும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனால் ஆட்டம் பழுதாப் போயிடும்.

மலையோரம் தம்பி, உங்கட அப்பாவுக்கு இந்த இழையை வாசிச்சுக் காட்டுங்கோ.

மலையோரம்

நேத்து ராத்திரி முழுசும் வாசிச்சுக் காட்டினேன். அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது, காது நல்லாக் கேக்கும். ஹோகனும் நெல்சனும் சின்ன வயசுல டெக்சாஸ்ல ஒரே கிளப்புல கேடியா இருந்தவங்க, 1927-ல கேடிகளுக்குள்ள நடந்த போட்டியில ஒரு ஸ்ட்ரோக்ல நெல்சன் ஜெயிச்சார்னு சொன்னேன். "ரெண்டும் நம்ம பசங்களா!"ன்னு எழுந்து உட்கார்ந்துட்டார். எடி லோவரி கதையை மறுபடி வாசிக்கச் சொன்னார். பத்து வயசுல பை தூக்கினான்னதும், எத்தனை குச்சி இருந்திருக்கும்னு கேட்டார்.

போர்ட்லாண்ட் மழையில 36 குழின்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "ஈரத்துல கிரீன் மெதுவாயிடும், எல்லாப் பட்டும் குட்டையா நின்னிருக்கும். சொல்லித்தர்ற கேடி அன்னிக்கு நல்ல கேடியா இருந்திருக்கணும். தோல் பை நனைஞ்சா ஒண்ணரை மடங்கு கனம். மதியம் ரெண்டாவது 18 ஆரம்பிக்கும்போது தோள்பட்டையில துணி மடிச்சு வெச்சிருப்பாங்க."

காலையில எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பையன் சாம் கிங் கடைசி ஆட்டத்துல எப்படி ஜெயிச்சான், கைசர் எங்க விட்டான்னுதான். மழைக்காட்டான் அண்ணா, நீங்க அந்த மைதானத்துப் பக்கம்தானே இருக்கீங்க. முடிஞ்சா ஒரு நாள் போய், அங்க தரை எப்படி, தண்ணி எந்தப் பக்கம் வடியுதுன்னு ரெண்டு படம் எடுத்துப் போடுங்க. நான் அவருக்கு வாயாலயே விவரிச்சுச் சொல்றேன்.

மழைக்காட்டான்

சனிக்கிழமை போறேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் எடுத்துப் போடறேன். அப்பாகிட்ட சொல்லுங்க, இங்க இன்னிக்கும் மழைதான்.